வடாலா பூங்காவும் கிளாஸ்கோ பழங்களும்

2024 மார்ச்சில் மும்பை வடாலாவில், மகரிஷி கார்வே பூங்காவில், மூடி இல்லாத தண்ணீர்த் தொட்டியில் விழுந்து அண்ணன் தம்பி இருவர் செத்துப்போனார்கள். ஐந்து வயது, நாலு வயது. மாட்டுங்காவுக்குப் பக்கம்தான். மாநகராட்சிப் பூங்கா.

இங்கே நண்பர்களிடம் சொன்னதும் முதலில் வந்த கேள்வி, "பெத்தவங்க எங்க போயிருந்தாங்க?" 2016ல் சின்சினாட்டி மிருகக்காட்சிசாலையில் மூன்று வயதுப் பையன் கொரில்லா அகழியில் விழுந்தபோதும் இதே கேள்விதான். உலகமே அந்த அம்மாவைத் திட்டித் தீர்த்தது. அரசு வழக்கறிஞரோ அவர் மேல் வழக்கில்லை என்றார். மிருகக்காட்சிசாலை தடுப்பை உயரமாக்கிவிட்டுத்தான் அந்தப் பகுதியை மறுபடி திறந்தது.

இந்தக் கேள்வி நீதிமன்றத்துக்கு வந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. கிளாஸ்கோ தாவரவியல் பூங்காவில் ஏழு வயதுப் பையன் ஒருவன், பார்க்க செர்ரி மாதிரி இருந்த விஷப் பழத்தைப் பறித்துத் தின்று இறந்தான். அப்பா வழக்குப் போட்டார். பிரபுக்கள் சபை, இது விசாரிக்க வேண்டிய வழக்குதான் என்றது. குழந்தைகள் வருவார்கள் என்று தெரிந்தே திறந்து வைத்த இடம். பழமோ வா வா என்று கூப்பிடுகிறது. வெறும் வேலி போதுமா?

அதற்காகப் பெற்றோரைச் சட்டம் விட்டுவிடவில்லை. இங்கிலாந்தில் ராச்செஸ்டர் நகரசபை வீடு கட்டும் மனையில் வெட்டியிருந்த பள்ளத்தில், ஏழு வயது அக்காவோடு போன ஐந்து வயதுப் பையன் விழுந்து கால் உடைந்தது. வழக்கில் அவன் தரப்பு தோற்றது. சின்னக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது முதலில் பெற்றோர் வேலை என்றார் நீதிபதி டெவ்லின். ஆனால் அதே தீர்ப்பில் இன்னொன்றும் சொன்னார் (இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை): பொதுப் பூங்கா, விளையாட்டு மைதானம் என்றால் கதை வேறு. அங்கே ஆபத்து இருக்காது என்று பெற்றோர் நம்புவதில் தப்பில்லை.

வடாலாவில் நடந்தது கட்டட மனையில் இல்லை, பூங்காவில். தொட்டியை மூடி வைப்பது எந்த அம்மாவின் வேலை?

தாராவியிலும் செம்பூரிலும் பத்துக்குப் பத்து அறையில் இருக்கிற குடும்பங்களுக்குப் பூங்காதான் முற்றம். இரண்டு பேரும் வேலைக்குப் போனால்தான் அடுப்பெரியும். கூடவே நின்று பார்த்துக்கொள் என்று இங்கே சோபாவில் உட்கார்ந்து சொல்வது சுலபம்.

யாரும் மனுப் போடாமலே பம்பாய் உயர்நீதிமன்றம் இதைப் பொதுநல வழக்காக எடுத்துக்கொண்டது. நீதிபதிகள் கௌதம் படேல், கமல் காதா. இந்த நகரத்தில் ஒரு மனித உயிருக்கு என்ன விலை, பாதுகாப்பு தராததற்குப் பணமில்லை என்பது ஒரு பதிலாகுமா என்று கேட்டார்கள். பெற்றவர்கள் எங்கே போனார்கள் என்பதிலிருந்து அவர்கள் ஆரம்பிக்கவில்லை.