முதியோர் அறிதிறன் சோதனைகளின் இந்திய வரலாறு

முதியோர் அறிதிறன் சோதனை என்பது வயதான ஒருவரின் நினைவாற்றல், கவனம், மொழி, கணக்கிடும் திறன், காலமும் இடமும் அறியும் உணர்வு ஆகியவற்றைக் கேள்விகள் மூலமும் சிறு செயல்கள் மூலமும் அளந்து பார்க்கும் முறையாகும். இது நரம்பு உளவியல் மதிப்பீட்டின் ஒரு பகுதி. டிமென்சியா எனப்படும் முதுமை மறதிநோயை இனங்காண இச்சோதனைகள் பயன்படுகின்றன. மேலைநாடுகளில் பள்ளிப் படிப்புள்ளவர்களை மனத்தில் கொண்டு உருவான இவை, 1990களில் இந்தியச் சிற்றூர்களுக்கு வந்தபோது பெரிதும் மாற்றப்பட்டன. குறைந்த மதிப்பெண் பெற்ற முதியவருக்கு நோய் இருக்கிறதா, அல்லது கேள்விதான் அவருக்குப் பொருந்தவில்லையா என்பதே அப்போது எழுந்த முதன்மையான சிக்கல்.

சிக்கலை விளக்கும் ஓர் எடுத்துக்காட்டு

நாமக்கல் மாவட்டத்தின் கொல்லிமலையில் வாழும் மலையாளி பழங்குடியினர் தமிழ் பேசுபவர்கள். அங்கு 'நாடு' என்ற சொல் பல சிற்றூர்கள் அடங்கிய ஒரு பகுதியைக் குறிக்கும். வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு, குண்டனி நாடு என மலை முழுவதும் இவ்வாறே பிரிக்கப்பட்டுள்ளது. உலகெங்கும் பயன்படும் அறிதிறன் சோதனைகளில், 'நாம் இப்போது எந்த நாட்டில் இருக்கிறோம்?' என்பது வழக்கமான கேள்வி. குண்டனி நாட்டு மூதாட்டி ஒருவரிடம் இதைக் கேட்டால், 'குண்டனி நாடு' என்று அவர் சொல்வது முற்றிலும் சரியான விடை. ஆனால் 'இந்தியா' என்ற விடையை எதிர்பார்க்கும் தாளில் அவருக்கு ஒரு மதிப்பெண் குறையும். 'எத்தனையாவது மாடி?', 'ஒரு வாக்கியம் எழுதுங்கள்' போன்ற கேள்விகளிலும் இதே நிலைதான். இப்படிச் சில மதிப்பெண்கள் குறைந்தாலே, நல்ல நினைவாற்றல் உள்ளவர் நோயாளி எனக் கணக்கிடப்படக்கூடும்.

சோதனைகளின் தோற்றம்

1901இல் செருமனியின் பிராங்க்பர்ட் நகர மருத்துவமனையில் ஆகுஸ்ட் டீட்டர் என்ற பெண்மணியை மருத்துவர் அலாய்சு ஆல்சைமர் பரிசோதித்தார். பெயரைக் கேட்பது, பொருள்களைக் காட்டி இன்னதென்று சொல்லச் செய்வது, எழுதச் செய்வது ஆகியவை அவர் கையாண்ட முறைகள். 1906இல் அப்பெண்மணி இறந்த பின், அதே ஆண்டில் அவரது நோயைப் பற்றி ஆல்சைமர் உரையாற்றினார். பிற்காலத்தில் அந்நோய்க்கு அவர் பெயரே நிலைத்தது.

1975இல் அமெரிக்காவில் மார்சல் போல்சுடீன், சூசன் போல்சுடீன், பால் மெக்யூ ஆகியோர் 30 மதிப்பெண் கொண்ட சிறு சோதனையொன்றை வெளியிட்டனர். எம்.எம்.எசு.ஈ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் இச்சோதனையைச் சில நிமிடங்களில் நடத்தி முடித்துவிடலாம். அதனால் உலகெங்கும் பரவியது. 100இலிருந்து ஏழு ஏழாகக் கழித்தல், எழுதிக் காட்டியதைப் படித்து அதன்படி செய்தல், வாக்கியம் எழுதுதல், ஐங்கோணங்களைப் பார்த்து வரைதல் ஆகியவை இதில் உள்ளன. பள்ளிக்கே செல்லாதவருக்கு இவை நினைவாற்றல் சோதனையாக அமையாமல் கல்விச் சோதனையாகவே அமைந்துவிடும்.

பல்லப்கர் ஆய்வு

அரியானா மாநிலத்தின் பல்லப்கர் பகுதிச் சிற்றூர்களில் நடந்த இந்திய-அமெரிக்கக் கூட்டாய்வு இச்சிக்கலை நேரடியாக எதிர்கொண்டது. ஆய்வில் பங்கேற்ற முதியோரில் நான்கில் மூன்று பங்கினர் எழுத்தறிவற்றவர்கள். எனவே மேரி கங்குலி உள்ளிட்ட ஆய்வுக்குழுவினர் 1995இல் இந்தி மொழிச் சோதனையொன்றை வெளியிட்டனர். அதை வெறும் மொழிபெயர்ப்பாக அவர்கள் அமைக்கவில்லை. கண்ணை மூடும்படி எழுதிய தாளைப் படிக்கச் சொல்வதற்குப் பதிலாக, சோதனையாளர் தாமே கண்ணை மூடிக் காட்டி, அதேபோல் செய்யச் சொன்னார். வாக்கியம் எழுதுவதற்குப் பதிலாக, வீட்டைப் பற்றி ஏதேனும் ஒன்று சொல்லும்படி கேட்கப்பட்டது. வாரத்தின் நாள்களைப் பின்னிருந்து சொல்வதும் சேர்க்கப்பட்டது.

1998இல் விசய் சந்திராவும் குழுவினரும் இவ்வாய்வின் முடிவுகளை வெளியிட்டனர். 55 வயதுக்கு மேற்பட்ட 5,126 பேரில் மறதிநோயின் அளவு 0.84%, 65 வயதுக்கு மேற்பட்டோரில் 1.36%. மேலைநாட்டு அளவுகளோடு ஒப்பிட இது மிகக் குறைவு.

தமிழ்நாட்டு ஆய்வுகள்

சென்னையை அடுத்த திருப்போரூர் பகுதியில் எசு. ராச்குமார், எசு. குமார், ஆர். தாரா ஆகியோர் நடத்திய ஆய்வு 1997இல் வெளிவந்தது. 60 வயதுக்கு மேற்பட்ட 750 பேரிடம் நடந்த இவ்வாய்வு, 3.5% பேருக்கு மறதிநோய் இருப்பதாகக் கண்டது. பல்லப்கரிலும் திருப்போரூரிலும் கருவிகளும் வயது எல்லையும் வேறு வேறு. முடிவுகளும் வேறுபட்டன. எண்களை ஒப்பிடுமுன், அவை எவ்வாறு பெறப்பட்டன என்று பார்க்க வேண்டியதன் தேவை இதனால் தெளிவானது.

10/66 ஆய்வுக்குழு

1998இல் கொச்சியில் ஆய்வாளர்கள் கூடி 10/66 மறதிநோய் ஆய்வுக்குழுவைத் தொடங்கினர். மறதிநோய் உள்ளவர்களில் 66 விழுக்காட்டினர் வளரும் நாடுகளில் வாழ்ந்தாலும், மக்கள்தொகை சார்ந்த ஆய்வுகளில் 10 விழுக்காடோ அதற்கும் குறைவோதான் அந்நாடுகளில் நடந்துள்ளன என்பதே இப்பெயரின் பொருள். மார்ட்டின் பிரின்சு இக்குழுவை வழிநடத்தினார்.

முதியவரிடம் நடத்தும் சோதனையோடு, அவரை நன்கறிந்த உறவினரிடமும் தனியே விவரம் கேட்பது இக்குழு கையாண்ட முறை. கனடாவின் கிரீ பழங்குடியினரிடமும் நைசீரியாவின் இபாதான் நகரிலும் முன்பே பயன்பட்ட ஒரு கருவி இதற்கு அடிப்படை. 10 சொற்களைக் கேட்டுச் சற்று நேரம் கழித்து நினைவுகூரும் சோதனையும் இதில் சேர்ந்தது. இதற்கு எழுத்தறிவு தேவையில்லை.

இக்குழுவின் மக்கள் ஆய்வில் இந்தியாவிலிருந்து சென்னை நகர்ப்பகுதியும் வேலூர் ஊரகப்பகுதியும் இடம்பெற்றன. 7 நாடுகளின் 11 இடங்களில், 65 வயதுக்கு மேற்பட்ட ஏறத்தாழ 15,000 பேரிடம் நடந்த இவ்வாய்வின் முடிவுகள் 2008இல் வெளிவந்தன. அமெரிக்க மனநல அளவுகோலான டி.எசு.எம்.-4இன்படி, இந்திய ஊரகப்பகுதியில் மறதிநோய் 0.3% மட்டுமே, கியூபாவில் 6.3%. 10/66 முறைப்படி கணக்கிட்டபோதோ இவ்வளவு பெரிய இடைவெளி இல்லை. எல்லா இடங்களிலும் 5.6 முதல் 11.7 விழுக்காட்டுக்குள் அமைந்தது.

இவ்வேறுபாட்டுக்கு வாழ்க்கை முறையும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. அன்றாட வாழ்வு பாதிக்கப்பட்டிருந்தால்தான் நோய் என அமெரிக்க அளவுகோல் கொள்ளும். கூட்டுக் குடும்பத்தில் வயதானவருக்குச் சோறு போடுவது, துணி எடுத்து வைப்பது, வெளியே போனால் துணைக்குச் செல்வது எல்லாவற்றையும் பிள்ளைகளும் மருமகள்களும் பார்த்துக்கொள்கின்றனர். மறதியை 'வயசானால் அப்படித்தான்' என்று ஏற்றுக்கொள்கின்றனர். எனவே பாதிப்பு இருந்தும் அது உறவினர் வாக்குமூலத்தில் வெளிப்படுவதில்லை. பொருந்தாத கேள்வி நலமானவரை நோயாளியாக்கியது போலவே, பொருந்தாத அளவுகோல் நோயாளியை நலமானவராக்கிவிடுகிறது. பின்னதில் அவருக்கும் அவரைப் பராமரிப்பவருக்கும் கிடைக்க வேண்டிய உதவி கிடைக்காமல் போகிறது.

அண்மைக்கால முயற்சிகள்

2013இல் ஐதராபாத்தில் சுவர்ணா அல்லாடி குழுவினர் 648 நோயாளிகளை ஆராய்ந்து, இரு மொழி பேசுவோருக்கு மறதிநோய் சுமார் 4.5 ஆண்டுகள் தாமதமாகத் தொடங்குவதைக் கண்டனர். எழுத்தறிவற்றவர்களிடமும் இவ்வேறுபாடு இருந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் உருவாக்கிய நரம்பு அறிதிறன் சோதனைத் தொகுப்பு இந்தி, வங்காளம், தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகிய ஐந்து மொழிகளுக்கு ஏற்ப அமைக்கப்பட்டு 2020இல் வெளியானது. அந்த ஐந்தில் தமிழ் இல்லை.

நாடு தழுவிய முதுமை ஆய்வின் பகுதியாக 60 வயதுக்கு மேற்பட்ட 4,096 பேரிடம் விரிவான அறிதிறன் சோதனைகள் நடத்தப்பட்டன. அதன் அடிப்படையில் 2023இல் வெளியான மதிப்பீட்டின்படி, 60 வயதுக்கு மேற்பட்டோரில் 7.4%, அதாவது ஏறத்தாழ 88 இலட்சம் பேர் மறதிநோயுடன் வாழ்கின்றனர். ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரங்களைவிடச் சிற்றூர்களிலும் இது மிகுதி.

முக்கியத்துவம்

இந்தியாவில் எழுத்தறிவு குறைந்த முதியோர் பெரும்பாலும் சிற்றூர்களிலும் மலைப்பகுதிகளிலும் வாழும் பெண்களே. நோயும் அவர்களிடம்தான் மிகுதி. சோதனைகள் தவறாகக் கணிக்கும் வாய்ப்பும் அவர்களிடம்தான் மிகுதி. கொல்லிமலை போன்ற பகுதிகளில் இச்சோதனைகளை நடத்துவோர் அவ்வட்டார வழக்கை முதலில் அறிந்துகொள்வதும், 'குண்டனி நாடு' என்ற விடைக்கு முழு மதிப்பெண் தருவதும், வீட்டாரிடம் 'முன்பு செய்த எந்த வேலையை இப்போது செய்வதில்லை?' என்று கேட்டறிவதும் கடந்த முப்பதாண்டு ஆய்வுகள் காட்டும் வழிமுறையாகும்.