முந்நூற்றிருபதில் ஒரு பங்கு

அரைக்காலையும் மும்மாவையும் கூட்டினால் என்ன வரும்? எட்டில் ஒன்று, இருபதில் மூன்று என்று எழுதிவைத்தால் இன்றைய பள்ளிப் பிள்ளை மீச்சிறு பொது மடங்கைத் தேடப் போகும். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடி என்ற வாய்பாட்டை ஒப்பித்த பிள்ளைக்கு அந்தத் தேடல் தேவைப்படவில்லை. ஒன்றை 320 பங்காக்கினால் ஒரு பங்கு முந்திரி. காணி நாலு முந்திரி, மா பதினாறு, மாவும் காணியும் சேர்ந்த மாகாணி இருபது, கால் எண்பது. அரைக்காலின் நாற்பதும் மும்மாவின் நாற்பத்தெட்டும் சேர்ந்தால் எண்பத்தெட்டு. அதாவது கால், மேலே எட்டு முந்திரி, அதாவது அரைமா. விடை 'காலே அரைமா'. பகுதியைச் சமமாக்குவது, ஒப்பிடுவது, சுருக்குவது என்று இன்று மூன்று பாடங்களாகப் பிரித்துச் சொல்லித்தருவதை இந்த வாய்பாடு ஒரே படிக்கட்டில் அடுக்கி வைத்திருந்தது. தமிழ்நாட்டுப் பழைய கணக்குப் படிப்பின் உண்மையான சாதனை இந்த அடுக்குதான் என்பது என் எண்ணம். அதற்குரிய மதிப்பை நாம் இன்னும் கொடுக்கவில்லை.

வெறும் மனப்பாடம்தானே என்பார்கள். மனப்பாடம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒப்பித்தது எதற்கு என்பதையும் பார்க்க வேண்டும். எண்சுவடியோடு நெல்லிலக்கமும் பொன்னிலக்கமும் கற்பிக்கப்பட்டன. குழிமாற்று நிலத்தின் பரப்பைக் கணிக்க உதவியது. களத்தில் நெல் அளக்கும்போதும் வாரம் பிரிக்கும்போதும் அதே மாவும் காணியும் காதில் விழுந்தன. நிலத்திலும் நெல்லிலும் புழங்கிய பின்னம் பிள்ளையின் மனதில் வெறும் ஓசையாக நின்றிருக்காது. முந்திரிக்கும் கீழே போக வேண்டுமானால் அதையே மறுபடி 320 ஆக்கிக் கீழ்முந்திரி என்றார்கள். சோழர் கல்வெட்டுகளில் வரிக்குரிய நிலத்தை இப்படிக் கீழுக்குக் கீழாக எழுதியிருக்கிறார்கள். அத்தனை நுணுக்கமாக எந்தக் கோலாலும் நிலத்தை அளந்திருக்க முடியாது. கழித்தும் பெருக்கியும் வந்த மிச்சத்தை விட்டுவிடாமல் எழுதிய கணக்கரின் பிடிவாதம் அது. இந்தப் படிப்பு எப்படிப்பட்ட கையை உருவாக்கியது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

இதைவிடக் கனமான ஆட்சேபங்கள் உண்டு. மூன்றில் ஒன்று இந்த அடுக்கில் அடங்காது: 106 முந்திரி போக மிச்சம் நிற்கும், கீழ்முந்திரிக்கு இறங்கினாலும் தீராது. இந்தக் குறை தசமத்துக்கும் உண்டு என்பதால் இதை வைத்து மட்டும் பழைய முறையைத் தள்ள முடியாது. அந்தத் திண்ணையில் யார் உட்கார முடிந்தது என்ற கேள்விக்கோ அப்படி ஒரு பதில் இல்லை. தாழ்த்தப்பட்டோருக்கு அங்கே இடமில்லை; 1822இல் சென்னை ஆளுநர் மன்றோ கேட்டு வாங்கிய பள்ளிக் கணக்கெடுப்பில் பெண் பிள்ளைகள் மிகச் சிலரே. களத்தில் கூலி வாங்கியவருக்குத் தெரியாத கணக்கு, அளந்து கொடுத்தவர் கையில் அதிகாரமாக இருந்தது. முறையைப் பாராட்டுகிறவர்கள் இதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. ஆனாலும் அந்த அநீதி பள்ளியின் வாசலில் நடந்தது; முந்திரியின் கணிதத்தில் அதற்கு வேர் இல்லை.

முறை மறைந்ததற்குக் கணிதக் குறை காரணமில்லை, அளவைகள் மாறியதுதான் காரணம். பதினாறு அணா ஒரு ரூபாயாக இருந்தவரை மாகாணி ஓர் அணா, அரைக்கால் இரண்டணா, கால் நாலணா. 1957 ஏப்ரல் 1 அன்று ரூபாய் நூறு புதுக்காசாகப் பிரிந்தது. கால் இருபத்தைந்து காசாகத் தப்பித்தது. மாகாணிக்கு ஆறேகால் காசு. அந்தக் காலுக்கு நாணயம் இல்லை.