பி.எஸ்சி. வேளாண்மை: பணம் கட்டும் முன் கல்லூரியை எடைபோடுங்கள்

பிளஸ் 2 தேர்வு முடிவு வந்த வாரத்தில் எனக்கு வரும் போன் அழைப்புகளில் பாதி, பூச்சி நோய் பற்றியவை அல்ல. "சார், பையனை அக்ரியில சேர்க்கலாமா? ஒரு காலேஜ்ல சீட் இருக்குன்னு சொல்றாங்க, அட்வான்ஸ் கட்டிடவா?" என்பதுதான் கேள்வி. ஒரு மூட்டை விதை நெல் வாங்கும்போது சான்று அட்டை, முளைப்புத்திறன், காலாவதி நாள் என்று எல்லாம் பார்த்து வாங்குகிறீர்கள். நான்கு வருடப் படிப்புக்கு மட்டும் வண்ண நோட்டீஸை நம்பிப் பணம் கட்டிவிடாதீர்கள்.

சில வருடங்களுக்கு முன் ஒரு விவசாயி தன் மகளின் பட்டச் சான்றிதழோடு என் அலுவலகத்துக்கு வந்தார். ஒன்றரை ஏக்கரை அடமானம் வைத்துப் படிக்க வைத்திருந்தார். பெண் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தது. ஆனால் எம்.எஸ்சி.க்கு விண்ணப்பித்தபோது, படித்த கல்லூரிக்கு உரிய அங்கீகாரம் இல்லை என்று விண்ணப்பத்தைத் திருப்பிவிட்டார்கள். அந்த நிலையில் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. சேர்க்கைக்கு முன்பே வந்திருந்தால் அரை மணி நேரத்தில் சொல்லியிருப்பேன். அந்த அரை மணி நேரப் பேச்சைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அங்கீகாரம். இதில் இரண்டு விஷயங்களைப் பலரும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். ஒரு பல்கலைக்கழகம் பட்டம் கொடுக்கும் உரிமை பெற்றிருப்பது ஒன்று. அதன் வேளாண் படிப்புக்கு இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம், அதாவது ஐ.சி.ஏ.ஆர்., தரச் சான்று கொடுத்திருப்பது வேறு. "யு.ஜி.சி. அங்கீகாரம் இருக்கிறது சார்" என்று கல்லூரியில் சொல்வது உண்மையாகவே இருக்கும். ஆனால் நீங்கள் கேட்க வேண்டியது இரண்டாவதை. ஐ.சி.ஏ.ஆர். அங்கீகாரம் குறிப்பிட்ட காலத்துக்குத்தான் தரப்படும். எனவே "இருக்கிறதா?" என்று மட்டும் கேட்காமல், "எந்தக் கல்லூரிக்கு, எந்தப் பட்டத்துக்கு, எந்த வருடம் வரை?" என்று கேளுங்கள். கடிதத்தின் நகலை வாங்கிப் பாருங்கள். "விண்ணப்பித்திருக்கிறோம், வந்துவிடும்" என்றால், இன்னும் வரவில்லை என்றுதான் பொருள்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தைப் பொறுத்தவரை உறுப்புக் கல்லூரி, இணைப்புக் கல்லூரி என்று இரண்டு வகை உண்டு. உறுப்புக் கல்லூரிகள் பல்கலைக்கழகமே நடத்துபவை. 1906இல் தொடங்கிய கோவை கல்லூரி, 1965இல் தொடங்கிய மதுரை கல்லூரி, கிள்ளிகுளம், திருச்சி, ஈச்சங்கோட்டை, குடுமியான்மலை, வாழவச்சனூர் ஆகியவை இதில் வரும். இணைப்புக் கல்லூரிகள் தனியார் நடத்துபவை. பாடத்திட்டமும் பட்டமும் பல்கலைக்கழகத்தினுடையவை. நோட்டீஸில் பல்கலைக்கழகத்தின் பெயர் பெரிதாக அச்சிட்டிருந்தாலும், அந்த ஆண்டு கலந்தாய்வுப் பட்டியலில் கல்லூரியின் பெயர் இருக்கிறதா என்று பல்கலைக்கழக இணையதளத்தில் பார்த்துவிடுங்கள். இது தவிர, சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கும் வேளாண் புலம் உண்டு.

பட்டத்தின் பெயரையும் வருடத்தையும் எழுத்து எழுத்தாகப் படியுங்கள். முறையான இளநிலை வேளாண் பட்டம் நான்கு வருடம், எட்டுப் பருவம். பெயரில் வேளாண்மை என்று இருந்தும் மூன்றே வருடத்தில் முடிகிற பி.வோக். போன்ற படிப்புகள் உண்டு. அவை கெட்ட படிப்புகள் அல்ல. ஆனால் வங்கிகளில் வேளாண் கள அலுவலர் வேலைக்கு ஐ.பி.பி.எஸ். கேட்பது நான்கு வருடப் பட்டம். அஞ்சல் வழியில் பி.எஸ்சி. வேளாண்மை படிக்கலாம் என்று யாராவது சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். வேளாண்மையைத் தொலைநிலைக் கல்வியில் நடத்த யு.ஜி.சி. அனுமதிப்பதில்லை.

அடுத்தது நிலம். இதைப் பார்க்க உங்களைவிடத் தகுதியானவர் யாரும் இல்லை. ஆண்டு விழா, திறப்பு விழா நாட்களை விட்டுவிட்டு, ஒரு சாதாரண வேலை நாளில் சொல்லாமல் போங்கள். கட்டடத்தைக் கடந்து நேராகப் பண்ணைக்குள் நடங்கள். கிணறோ போர்வெல்லோ ஓடுகிறதா? நன்செய், புன்செய், தோட்டம் மூன்றும் இருக்கின்றனவா? வரப்பு எப்படி இருக்கிறது, களை யார் எடுக்கிறார்கள்? பாத்தியில் மாணவர் பெயர் எழுதிய பலகை இருக்கிறதா? பயிர் சாகுபடி செய்முறைப் பாடத்தில், விதைப்பிலிருந்து அறுவடை வரை மாணவர்களே பயிரை வளர்த்து, வரவு செலவு கணக்கும் எழுத வேண்டும். நிலமே இல்லாத கல்லூரியில் இந்தப் பாடம் நோட்டுப் புத்தகத்தில்தான் நடக்கும். அங்கே படிக்கும் ஒரு மாணவரின் செய்முறைப் பதிவேட்டை வாங்கிப் புரட்டினாலும் தெரிந்துவிடும். எல்லார் பதிவேட்டிலும் ஒரே மகசூல், ஒரே எண் என்றால் நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

பாடத்திட்டத்தில் ஒவ்வொரு பாடத்துக்கும் எதிரே 2+1, 1+1 என்று போட்டிருக்கும். முதல் எண் வகுப்பறை, இரண்டாவது எண் செய்முறை. செய்முறையில் ஒரு மதிப்பலகுக்கு வாரம் இரண்டு மணி நேரமாவது ஆய்வகத்திலோ வயலிலோ வேலை நடக்க வேண்டும். கால அட்டவணையைக் கேட்டு வாங்கி, அந்த நேரம் உண்மையிலேயே ஒதுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். உழவியல், மண்ணியல், பூச்சியியல், நோயியல், பயிர் இனப்பெருக்கம், தோட்டக்கலை, பொருளாதாரம், விரிவாக்கம் என்று ஒவ்வொன்றுக்கும் அந்தந்தத் துறையில் படித்த ஆசிரியர் இருக்க வேண்டும். பூச்சியியல் ஆசிரியரே மண்ணியலும் நடத்தும் இடங்கள் உண்டு.

இன்னொரு சுலபமான வழி. கிராமப்புற வேளாண் பணி அனுபவத் திட்டத்தில் இறுதியாண்டு மாணவ மாணவியர் உங்கள் ஊர்ப் பக்கம் தங்கி, விதை நேர்த்தி, இனக்கவர்ச்சிப் பொறி என்று செய்து காட்டியிருப்பார்கள். அடுத்த முறை வரும்போது டீ வாங்கிக் கொடுத்து, அவர்கள் கல்லூரியைப் பற்றிக் கேளுங்கள். போட்டோ எடுத்ததும் கிளம்பிவிடுகிறார்களா, உங்கள் வயலில் இறங்கிக் கேள்வி கேட்கிறார்களா என்பதையும் கவனியுங்கள்.

பட்டம் வாங்கிய பிறகு என்ன? வேளாண்மை அலுவலர் பணிக்கு டி.என்.பி.எஸ்.சி. தேர்வு உண்டு. இடங்கள் குறைவு, போட்டி அதிகம், எந்த வருடம் அறிவிப்பு வரும் என்றும் சொல்ல முடியாது. வங்கி, விதை மற்றும் உர நிறுவனங்கள், மேற்படிப்பு, பூச்சிமருந்துக் கடை உரிமம் ஆகியவையும் உண்டு. சொந்தத் தொழிலுக்கு வேளாண் மருத்துவ மையத் திட்டம் 2002 முதல் நடக்கிறது. 45 நாள் பயிற்சியும் வங்கிக் கடனும் மானியமும் கிடைக்கும். "நூறு சதவீதம் வேலை" என்று கல்லூரி சொன்னால், போன வருடம் முடித்தவர்களில் ஐந்து பேரின் போன் நம்பரைக் கேளுங்கள்.

ஒரு விஷயத்தை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். பிள்ளை படித்து வந்து உங்கள் நான்கு ஏக்கரைப் பார்க்கப்போகிறான், வேறு வேலைக்குப் போகும் எண்ணமே இல்லை என்றால், கடன் வாங்கி நான்கு வருடப் பட்டம் தேவையில்லை என்பது என் கருத்து. பல்கலைக்கழகம் தமிழ் வழியில் நடத்தும் இரண்டு வருட வேளாண்மைப் பட்டயப் படிப்பு போதும். உதவி வேளாண்மை அலுவலர் பணிக்குக் கேட்பதும் அதைத்தான். இதைச் சொன்னதற்காக என்னிடம் வருத்தப்பட்டவர்களும் உண்டு.

பணக் கணக்குக்கு வருவோம். கட்டணத்தை நான்கால் பெருக்கினால் மட்டும் போதாது. விடுதி, மெஸ், கல்விச் சுற்றுலா, கிராமத் தங்கல் எல்லாவற்றையும் சேர்த்து எழுதி வாங்குங்கள். ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் 2 வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு உண்டு. அந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கட்டணத்தை அரசே செலுத்தும். ஆகவே கலந்தாய்வு முடியும் முன் நிர்வாக ஒதுக்கீட்டுக்கு ஓடாதீர்கள். கல்விக் கடன் 7.5 லட்சம் வரை சொத்துப் பிணை இல்லாமல் தர வங்கிகளின் மாதிரித் திட்டத்தில் வழி உண்டு. இந்த அளவுக்குள் இருக்கும்போது நிலப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு தனியாரிடம் போக வேண்டாம்.

கட்டும் ஒவ்வொரு ரூபாய்க்கும் கல்லூரிப் பெயரில் ரசீது வாங்குங்கள். தரகர் கையில் எதையும் கொடுக்காதீர்கள். அசல் மதிப்பெண் பட்டியலையும் மாற்றுச் சான்றிதழையும் சரிபார்த்ததும் திருப்பிக் கேளுங்கள். அசல் சான்றுகளைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று யு.ஜி.சி. 2018இலேயே அறிவித்திருக்கிறது. பிறகு நல்ல இடம் கிடைத்து மாற நினைக்கும்போது, அந்தக் காகிதங்கள் உங்கள் பெட்டியில் இருக்க வேண்டும்.