ரோமாபுரி வெள்ளிக்காசும் கொங்கு நாட்டுப் புதையலும்

பழைய நாணயம் சேர்ப்பவர்களிடம் பேசிப் பாருங்கள். விக்டோரியா ராணி காலத்துக் காலணா எல்லோரிடமும் இருக்கும். ஆனால் "என்னிடம் ஒரு தெனாரியஸ் இருக்கு" என்று ஒருவர் சொல்லிவிட்டால் அவருக்கு மரியாதையே தனி! தெனாரியஸ் என்பது ரோமாபுரியின் வெள்ளிக் காசு. வேடிக்கை என்னவென்றால், அதைத் தேடி இத்தாலி வரை போக வேண்டியதில்லை. நம்ம கோயம்புத்தூர் பக்கமே போதும்.

கோவையை ஒட்டியுள்ள வெள்ளலூரில் 1842-ல் 500-க்கும் மேற்பட்ட ரோம வெள்ளிக் காசுகள் ஒரே புதையலாகக் கிடைத்தன. பிறகும் அதே ஊரில் கிடைத்தன. கரூர், பொள்ளாச்சி என்று கொங்கு நாடு முழுக்க இந்தக் கதைதான். (எங்க கோவில்பதாகை ஏரிக்கரையில் தோண்டினால் வருமா என்று கேட்கும் நண்பனுக்கு: மண்வெட்டியைக் கீழே வை!) வரைபடத்தை விரித்துப் பார்த்தால் காரணம் புரியும். மேற்குக் கரையில் முசிறித் துறைமுகம். அங்கிருந்து கிழக்கே வர மலையில் இருக்கும் ஒரே பெரிய வாசல் பாலக்காட்டுக் கணவாய். அதைத் தாண்டினால் கொங்கு நாடு, அப்புறம் கரூர். போகிற வழியில் காங்கேயம் பக்கத்துப் படியூரில் பச்சைக்கல் வேறு கிடைத்தது. ரோமானியருக்கு அந்தக் கல் என்றால் உயிர்.

இந்தப் புதையல்களில் திரும்பத் திரும்ப வருவது இரண்டே வகைக் காசுகள். ஒன்று அகஸ்டஸ் வெளியிட்டது, பின்பக்கம் அவருடைய பேரன்கள் கையஸ், லூசியஸ் இருவரும் கேடயத்தோடு நிற்பார்கள். இன்னொன்று கி.பி. 14 முதல் 37 வரை ஆண்ட டைபீரியஸுடையது, அதன் பின்பக்கம் ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள். பைபிளில் சீசருக்கு வரி கொடுக்கலாமா என்ற கேள்வி வரும்போது இயேசு வாங்கிப் பார்த்த காசு இதுதான் என்று பலர் நம்புகிறார்கள். அதனாலேயே உலகச் சந்தையில் இதற்கு எப்போதும் கிராக்கி.

இனி என் பாடத்துக்கு வருகிறேன், காமர்ஸ் மாணவனாச்சே. "வருஷத்துக்கு 5 கோடி செஸ்டர்ஸ் பணத்தை இந்தியா உறிஞ்சிவிடுகிறது" என்று பிளினி என்ற ரோமானியர் புலம்பியிருக்கிறார். 4 செஸ்டர்ஸ் ஒரு தெனாரியஸ். ஆக 1 கோடியே 25 லட்சம் தெனாரியஸ். அன்றைய ரோமப் போர்வீரனின் ஆண்டுச் சம்பளம் 225 தெனாரியஸ். வகுத்துப் பாருங்கள், 55 ஆயிரம் வீரர்களின் சம்பளம்! மிளகுக்கும் முத்துக்கும் துணிக்கும் இவ்வளவா?

ஆனால் பிளினி கணக்கேட்டில் ஒரு பக்கத்தை மட்டும்தான் காட்டுகிறார் என்பது என் கருத்து. வியன்னாவில் ஒரு பாப்பிரஸ் ஏடு இருக்கிறது. முசிறி வணிகத்துக்கான கடன் ஒப்பந்தம் அது, 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதன் மறுபக்கத்தில் 'ஹெர்மப்போலன்' என்ற கப்பலின் சரக்குக்கு மதிப்பு போட்டிருக்கிறார்கள், சுமார் 70 லட்சம் செஸ்டர்ஸ். இந்தச் சரக்குக்கு எகிப்தில் ரோம அரசு வாங்கிய சுங்கவரி 25 சதவீதம். நம்ம ஊர் மிளகு ரோம கஜானாவையும் நிரப்பியது என்பதை அவர் சொல்லவே இல்லை.

சரி, ஏன் அந்த இரண்டு பேருடைய காசு மட்டும்? கி.பி. 64-ல் நீரோ மன்னர் தெனாரியஸின் எடையைக் குறைத்தார். ஒரு ராத்தல் வெள்ளியில் 84 காசு அடித்த இடத்தில் 96 அடித்தார்கள். போதாததற்குச் செம்பையும் கலந்தார்கள். ரோமில் அரசன் சொன்னால் காசு செல்லும். வெள்ளலூரில் யார் அவர் பேச்சைக் கேட்பது? இங்கே நிறுத்துப் பார்த்துத்தான் வாங்கியிருப்பார்கள். நீரோவுக்குப் பிந்தைய வெள்ளிக் காசு இங்கே குறைவாகக் கிடைப்பதற்கு இதுவே காரணம் என்கிறார்கள்.

இதில் ஒரு சண்டையும் உண்டு. காசுகள் டைபீரியஸ் காலத்திலேயே வந்துவிட்டன என்பது ஒரு கட்சி. இல்லை, நீரோவுக்குப் பிறகு வணிகர்கள் பழைய சுத்தமான காசாகப் பொறுக்கி எடுத்து அனுப்பினார்கள் என்பது இன்னொரு கட்சி. எனக்கு இரண்டாவது பிடித்திருக்கிறது, லாபம் பார்க்கிற வணிகன் அதைத்தான் செய்வான். ஆனால் பிடித்திருந்தால் போதாதே, நிரூபிக்க வேண்டும். அதற்கு முழுப் புதையலும் கலையாமல் வேண்டும். எந்தக் காசோடு எந்தக் காசு இருந்தது, எது எவ்வளவு தேய்ந்திருந்தது என்று பார்க்க வேண்டும். தனியாக விற்கப்பட்ட ஒரு காசு வெறும் வெள்ளித்துண்டு, அது சாட்சி சொல்லாது.

அப்படிக் கலைந்ததும் உருக்கப்பட்டதும் ஏராளம். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்குச் சொல்ல வேண்டும். சொன்னால் பறிபோய்விடும் என்று பயந்து கொலுமிச்சை உலையில் போட்டவர்கள் எத்தனை பேரோ!

அதற்காகச் சேகரிப்பவர்களைத் திட்டவும் மனம் வரவில்லை. 'தினமலர்' ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி கரூர்க் காசுகளைத் தேடிச் சேர்த்தவர், 2021-ல் காலமானார். 'மாக்கோதை' என்று தமிழ் பிராமியில் பெயர் பொறித்த சேர மன்னனின் வெள்ளிக் காசை உலகுக்குக் காட்டியது அவர்தான். அதிலுள்ள தலை அப்படியே ரோமக் காசு பாணி! அவர் மாதிரி ஒருவர் வாங்கி, படித்து, எழுதி வைத்திருக்காவிட்டால் அதுவும் உருகிப் போயிருக்கும்.

ஆகவே வாங்க ஆசைப்படும் நண்பர்கள் வியாபாரியிடம் விலைக்கு முன்னால் "இது எந்த ஊரில், எதோடு சேர்ந்து கிடைத்தது?" என்று கேளுங்கள். பதிலை எழுதி வையுங்கள். விளிம்பில் வார்ப்புக் கோடு தெரிந்தால் அது போலி, பேசாமல் நடையைக் கட்டுங்கள். 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி நூறு வருஷம் தாண்டிய காசைத் தனிநபர் வெளிநாட்டுக்கு அனுப்பவும் முடியாது. காசு செலவில்லாமல் ரோமக் காசு பற்றித் தெரிந்துகொள்ள நினைத்தால் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் நாணயத் தொகுப்பு இருக்கிறது. ஆவடியில் மின்சார ரயில் ஏறினால் சென்ட்ரல், அங்கிருந்து ஒரு பஸ்.