கொச்சிக் கோட்டையின் பழைய ஆலயம்

மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் மிளகும் சுக்கும் மணக்கும் பண்டகசாலைகளைக் கடந்து, அடுத்துள்ள கோட்டைக் கொச்சிக்குச் சென்றால், அங்கே ஒரு பழைய ஆலயத்தைக் காண்கிறோம். புனித பிரான்சிஸ் ஆலயம் என்பது அதன் இன்றைய பெயர். இந்திய மண்ணில் ஐரோப்பியர் எழுப்பிய மிகப் பழைய ஆலயங்களுள் இது ஒன்று. மூன்று அயல்நாட்டாரின் கைகளுக்கு மாறியும் இது அழியாமல் நின்றது எவ்வாறு என்பதை இன்று ஆராய்வோம்.

இடைக்கால இங்கிலாந்தின் சிற்றூர்களில் எழுந்த பங்குக் கோயில்களின் அமைப்பை முதலில் நினைவிற் கொள்வது நலம். மேற்கே ஊரார் கூடும் நீண்ட மண்டபம். கிழக்கே குருவானவர் வழிபாடு நடத்தும் திருப்பீடப் பகுதி. மண்டபத்தைப் பழுது பார்ப்பது ஊராரின் கடமை. திருப்பீடப் பகுதியைக் காப்பது குருவானவரின் பொறுப்பு. தளத்தின் அடியில் முன்னோர் துயின்றனர். ஆகவே அக்கோயில் வழிபாட்டிடம் மட்டுமன்று. ஊரின் நினைவேடும் ஆகும்.

கொச்சி ஆலயத்திலும் இந்த அடிப்படை அமைப்பே விளங்குகிறது. ஆனால் ஆங்கிலச் சிற்றூர்க் கோயில்கள் பலவற்றின் மேற்கே நிற்கும் சதுரக் கோபுரம் இங்கே இல்லை. மேற்கு நோக்கிய முகப்பில் வளைவு வாயில். அதன் இரு மருங்கிலும் படிப்படியாகக் குறுகி உயரும் தூபிகள். உச்சியில் மூன்று கண்களாகப் பகுத்த சிறு மணிமாடம். மண்டபத்தின் மேல் ஓட்டுக்கூரை.

1503-ஆம் ஆண்டில் போர்ச்சுகீசியர் இங்கு மரத்தால் ஒரு கோயில் அமைத்தனர். பின்னர்க் கொச்சி அரசரின் இசைவு பெற்று, கல்லும் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு புதுக் கோயில் எழுப்பினர். 1516-இல் அது நிறைவுற்று, புனித அந்தோணியார் பெயரைப் பெற்றது. 1524-இல் கொச்சியில் இறந்த வாஸ்கோ ட காமாவை இங்கேதான் அடக்கம் செய்தனர். 1539-இல் அவருடைய எச்சங்கள் போர்ச்சுகலுக்குக் கொண்டு செல்லப்பட்டன. கல்லறையின் இடம் மட்டும் இன்றும் காட்டப்படுகிறது.

1663-இல் கொச்சியைக் கைப்பற்றிய டச்சுக்காரர் கோட்டைக்குள் இருந்த பிற கத்தோலிக்க ஆலயங்கள் பலவற்றை இடித்தனர். இதனை மட்டும் தங்கள் வழிபாட்டுக்கென வைத்துக்கொண்டனர். வெற்றி கொண்டோருக்கும் கூடித் தொழ ஓர் இடம் வேண்டியிருந்தது. அத்தேவையே இக்கட்டடத்தைக் காத்தது எனலாம். அவர்கள் 1779-இல் செய்த திருப்பணியை வாயிலின் மேலுள்ள கல் அறிவிக்கிறது. 1795-இல் ஆங்கிலேயர் கொச்சியைப் பிடித்தனர். 1804-இல் ஆலயம் ஆங்கிலிக்கன் சபையினரிடம் வந்தது. பிரான்சிஸ் என்னும் பெயர் அவர்கள் காலத்தில் ஏற்பட்டதே. 1923-இல் இது பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னமாயிற்று. இன்று தென்னிந்தியத் திருச்சபையினர் இங்கே வழிபடுகின்றனர்.

உள்ளே சென்றால் நெஞ்சைத் தொடுவன கல்லறைக் கற்களே. தளத்தில் கிடந்த அவை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெயர்த்துச் சுவர்களில் பதிக்கப்பட்டன. வடசுவரில் போர்ச்சுகீசியர், தென்சுவரில் டச்சுக்காரர். வாழ்நாளில் பகைவராயிருந்தோர் இன்று ஒரே கூரையின் கீழ் எதிரெதிரே நிற்கின்றனர். அவர்களுக்கிடையே, முன்னாளில் வெளியிலிருந்து கயிற்றால் இழுக்கப்பட்ட துணிப் பங்காக்கள் தொங்குகின்றன. குளிர்நாட்டில் பிறந்த கோயிலமைப்பு, கொச்சியின் புழுக்கத்துக்கு இணங்கியதன் அடையாளம் அது.

இவ்வாலயத்துக்குச் சிறிது தொலைவில் வேளி என்னுமிடத்தில், டச்சுக்காரர் காலத்தில் தமிழகத்திலிருந்து வந்ததாகக் கூறப்படும் சலவைத் தொழிலாளர் மரபினர் வாழ்கின்றனர். அவர்களுடைய முன்னோர்க்குக் கல்வெட்டு இல்லை. அவர்கள் கட்டிக் காத்தது தொழிலும் தமிழுமே. பிற மாநிலங்களில் வாழும் நாம் இதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். வந்தோர் எழுப்பிய சுவர், பின்வந்தோர்க்கும் பயன்பட்டதால் நிலைத்தது. நாம் கூடும் சங்கங்களும் படிப்பகங்களும் அவ்வாறே பிறர்க்கும் பயன்படுமாயின், அவையும் நிலைபெறும்.