எழுபது மின்நிலையங்களும் ஒரு மாநகரும்

1882ஆம் ஆண்டு சனவரித் திங்களில் இலண்டன் மாநகரின் ஹோல்பர்ன் மேம்பாலச் சாலையில் எடிசன் நிறுவனத்தார் ஒரு மின்நிலையத்தை இயக்கினர். நிலக்கரியை எரித்துப் பொதுமக்களுக்கு மின்சாரம் வழங்கிய உலகின் முதல் நிலையங்களுள் அது ஒன்று. அவ்விடத்தை அவர்கள் தேர்ந்ததற்கான காரணம் சுவையானது. தெருவைத் தோண்டிக் குழாய் பதிக்க எரிவாயுக் கம்பெனிகளுக்கு இருந்த உரிமை அன்று மின்சாரத்தார்க்கு இல்லை. ஹோல்பர்ன் மேம்பாலத்தின் அடியிலோ ஏற்கெனவே சுரங்க வழி இருந்தது. மண்வெட்டி பிடிக்காமலே கம்பி இழுத்துவிடலாம். நான்கே ஆண்டுகளில் இழப்புத் தாளாமல் அந்நிலையம் மூடப்பட்டது. ஆனால் தெரு யாருக்கு உரியது, அதைத் தோண்ட இசைவு தருபவர் யார் என்னும் வினா அதனோடு மூடப்படவில்லை. அடுத்த அரை நூற்றாண்டுக் காலம் இலண்டனின் மின்சார வரலாறு இந்த வினாவைச் சுற்றியே நடந்தது.

அதே 1882இல் இயற்றப்பட்ட மின்விளக்குச் சட்டம், ஒரு கம்பெனியின் நிலையத்தை 21 ஆண்டுகளுக்குப் பின் உள்ளூராட்சி விலைக்கு வாங்கிக்கொள்ளலாம் என்றது. பிறர் கைக்குப் போகப்போகும் தோட்டத்தில் எவர் தென்னை நடுவர்? முதலீட்டாளர் தயங்கினர். 1888இல் அக்காலம் 42 ஆண்டுகளாக நீட்டப்பட்ட பிறகே பணம் வந்தது. அப்போதும் சட்டம் ஊர்தோறும் வட்டந்தோறும் தனித்தனி உரிமையையே மனத்திற் கொண்டிருந்தது. மாநகர் முழுவதும் ஒன்று என்னும் எண்ணம் அதில் இல்லை.

அந்த எண்ணம் ஓர் இளைஞருக்கு இருந்தது. செபாஸ்டியன் டி ஃபெர்ராண்டி 1887இல் 23 வயதினர். நகரின் நடுவே, விலை மிகுந்த நிலத்தில், சிறுசிறு நிலையங்களை அமைப்பதைவிடத் தேம்ஸ் ஆற்றங்கரையில் டெட்ஃபோர்டில் ஒரே பெரிய நிலையம் கட்டுவதே முறை என்றார் அவர். நிலக்கரி படகில் வரும், நீருக்குக் குறைவில்லை, மின்சாரத்தை 10,000 வோல்ட் அழுத்தத்தில் நகருக்குள் அனுப்பலாம். அன்று அந்த அழுத்தத்தைத் தாங்கும் கம்பி எவரிடமும் இல்லை. ஆகவே அவரே செய்துகொண்டார்: ஒன்றனுள் ஒன்றாக இரண்டு செப்புக் குழாய்கள், இடையே மெழுகு ஊட்டிய பழுப்புத் தாள். அரசு அதிகாரிகளின் அச்சத்தைப் போக்க, மின்சாரம் பாய்ந்துகொண்டிருந்த கம்பியின்மேல் உதவியாளர் ஒருவர் வெட்டுளியைப் பிடித்து நிற்க, சம்மட்டியால் அடித்து இறக்கிக் காட்டினார்கள். உளி பிடித்தவருக்கு ஊறு ஒன்றும் நேரவில்லை. இத்தகைய துணிவு பாராட்டத்தக்கதா கண்டிக்கத்தக்கதா என்று துணிந்து சொல்வது எளிதன்று.

திட்டத்தைக் கெடுத்தது கம்பியன்று. 1889இல் அரசு நடத்திய விசாரணையின் முடிவில் இலண்டன் பல கம்பெனிகளுக்குப் பங்கிடப்பட்டு, டெட்ஃபோர்டுக்கு எண்ணியிருந்த பரப்பு சுருங்கிவிட்டது. மறு ஆண்டு நவம்பரில் துணைநிலையம் ஒன்று தீப்பற்றி எரிந்தது. மின்வழங்கல் மூன்று மாதம் நின்றது. 1891இல் ஃபெர்ராண்டி விலக நேர்ந்தது. அவருடைய கம்பிகளோ நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக உழைத்தன.

பங்கிட்டுக்கொண்டவர்களை அறிவிலிகள் என்று தள்ளிவிடுவது நேர்மையாகாது. கிழக்கு இலண்டனில் ஏழைத் தொழிலாளர் நிறைந்த ஷோர்டிச் வட்டாரத்தின் ஆட்சிக் குழுவினர் 1897இல் ஒரு மின்நிலையம் கட்டினர். வீடுகளிலிருந்து வாரிய குப்பையே அதன் எரிபொருள். எஞ்சிய வெப்பம் பக்கத்திலிருந்த பொதுக் குளியலகத்திற்குச் சென்றது. தூசியிலிருந்து ஒளியும் ஆற்றலும் என்னும் பொருள்படும் இலத்தீன் வாசகத்தை அதன் முகப்பில் பொறித்தனர். தம் குப்பையில் பிறந்த விளக்கைத் தொலைவிலுள்ள ஒரு கம்பெனியின் கையில் கொடுக்க அவர்கள் எப்படி மனமொப்புவர்?

எனினும் கணக்கு வேறு கதை சொன்னது. முதல் உலகப் போரின் இறுதியில் இலண்டனில் 70 மின்வழங்கு அமைப்புகள் இருந்தன. மின்நிலையங்களும் ஏறத்தாழ அத்தனையே. 50 வகை முறைகள், 10 அதிர்வெண்கள், 24 மின்னழுத்தங்கள். வாடகை வீடு மாறிச் செல்பவர் விளக்கையும் இஸ்திரிப் பெட்டியையும் புதிதாக வாங்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு நிலையமும் பழுதுக்கு அஞ்சித் தனித்தனியே மாற்று எந்திரம் வைத்துக்கொண்டது. நம் ஊர்களில் கல்யாணச் சமையலுக்கான பெரிய அண்டா ஊருக்குப் பொதுவாக இருக்கும். வீட்டுக்கு ஒன்று வாங்கி அடுக்கி வைப்பாரில்லை. இலண்டனில் ஒவ்வொரு வீட்டிலும் அண்டா இருந்தது எனலாம். சேர்த்துவிடலாமே என்றால் அதுவும் எளிதன்று. அதிர்வெண் மாறுபட்ட இரு நிலையங்களை அப்படியே இணைப்பது, வேறுவேறு தாளத்தில் ஆடும் இருவரைக் கோலாட்டத்தில் எதிரெதிரே நிறுத்துவது போன்றது.

வடகிழக்கு இங்கிலாந்தில் நியூகாசில் வட்டாரத்தை ஒரே வலையாக இணைத்துக் காட்டியவர் சார்லஸ் மெர்ஸ் என்னும் பொறியியலறிஞர். அவர் இலண்டனுக்காக வகுத்த திட்டம் 1905இல் நாடாளுமன்றத்திற்கு வந்து, நிறைவேறாமற் போயிற்று. 1919இல் வந்த சட்டமும் வற்புறுத்தும் அதிகாரமின்றி அறிவுரையாகவே நின்றது. இறுதியில் 1926இல், பால்ட்வின் தலைமையிலான பழமைக் கட்சி அரசே மத்திய மின்சார வாரியத்தை அமைத்தது. இது பொதுவுடைமை என்று அக்கட்சியினர் சிலரே கூச்சலிட்டனர். நிலையங்களின் உரிமை பழைய கைகளிலேயே இருக்கும். எது எப்போது ஓட வேண்டும் என்பதை மட்டும் வாரியம் முடிவு செய்யும். அதிர்வெண் நாடெங்கும் 50 ஆகும். இந்த ஏற்பாட்டின் நயம் இன்றும் எண்ணிப் பார்க்கத்தக்கது.

132,000 வோல்ட் கம்பிகளைச் சுமக்க இருபத்தாறாயிரத்துக்கு மேற்பட்ட எஃகுக் கோபுரங்கள் நாடெங்கும் எழுந்தன. ஆங்கிலத்தில் அவற்றுக்குப் ‘பைலன்’ என்று பெயர். எகிப்தியக் கோயில்களின் வாயிற் கோபுரத்தைக் குறிக்கும் சொல் அது. தமிழ் வழக்கு அதனை ‘மின்கோபுரம்’ என்று அழைப்பதும் வாயிற் கோபுரத்தையே நினைவூட்டுவது வியப்புக்குரிய ஒற்றுமை. எதிர்ப்பும் எழாமலில்லை. இலண்டனுக்குத் தெற்கே உள்ள சசெக்ஸ் குன்றுகளின் அழகை இக்கோபுரங்கள் கெடுக்கும் என்று 1929இல் கிப்ளிங், கால்ஸ்வொர்தி, பொருளியலறிஞர் கெயின்ஸ் முதலியோர் ‘டைம்ஸ்’ இதழுக்குக் கடிதம் எழுதினர். கிப்ளிங்கின் வீட்டுக்கு அவருடைய சொந்த நீராலையில் பொருத்திய எந்திரமே 1903 முதல் விளக்கேற்றி வந்தது என்பதையும் இங்குச் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நகருக்குள் கோபுரம் நடவில்லை. கம்பிகள் மண்ணுக்கடியிற் சென்றன. சிறிய நிலையங்களுக்கு மாற்றாகத் தேம்ஸ் கரையில் பாட்டர்ஸீ பெருநிலையம் 1933இல் மின்சாரம் தரத் தொடங்கியது. அதன் புகை எதிர்க்கரையிலுள்ள டேட் ஓவியக் கூடத்தைப் பாழாக்கும் என்று எழுந்த கண்டனத்தால் புகையை ஆற்றுநீரால் கழுவினர். கந்தகத்தின் ஒரு பகுதி வானத்திலிருந்து ஆற்றுக்கு மாறியது.

1933இல் கட்டுமானம் முடிந்தபோது நாடு ஏழு தனி மண்டலங்களாகவே இயங்கியது. 1937 அக்டோபர் 29 இரவு பொறியாளர் சிலர் தாமாகவே ஏழையும் இணைத்து ஓட்டிப் பார்த்தனர், ஓடியது. பிரிட்டனில் 1920இல் ஏறத்தாழ ஏழரை இலட்சமாக இருந்த மின்நுகர்வோர் 1938இல் தொண்ணூறு இலட்சத்தை நெருங்கினர். இத்தனைக்கும் அடிகோலியவர்களுள் முதல்வரான மெர்ஸ், 1940 அக்டோபரில் ஜெர்மானியர் வீசிய குண்டுக்குத் தம் கென்சிங்டன் இல்லத்தில், தம் மக்கள் இருவரோடு பலியானார்.

1948இல் மின்துறை நாட்டுடைமையானது. 1990இல் மீண்டும் தனியாரிடம் சென்றது. தேவை மட்டும் எவர் ஆண்டாலும் வளர்ந்தது. 2011 முதல் 2018 வரை ஹாக்னி, வில்லஸ்டன், விம்பிள்டன் வட்டாரங்களின் அடியில் 32 கிலோமீட்டர் சுரங்கம் குடைந்து 400,000 வோல்ட் கம்பிகளை இட்டனர். பின்னர்த் தென்பகுதியிலும் அத்தகைய பணி தொடங்கிற்று. அப்படியும் 2022இல், மேற்கு இலண்டனின் ஹில்லிங்டன், ஈலிங், ஹவுன்ஸ்லோ பகுதிகளில் வீடு கட்ட முனைந்தோர் சிலருக்கு மின் இணைப்பு 2035 வரை தாமதமாகலாம் என்று சொல்லப்பட்டது. அங்கு அணிவகுத்த கணினித் தரவு மையங்கள் மின்வழங்கும் திறனை முன்பே பதிவு செய்துகொண்டிருந்தன.

2025 மார்ச் 20 இரவு, அதே மேற்குப் பகுதியில் நார்த் ஹைட் துணைமின்நிலையத்தின் மின்மாற்றி ஒன்று தீப்பற்றியது. மறுநாள் பெரும்பொழுதும் ஹீத்ரோ விமான நிலையம் மூடிக் கிடந்தது. அம்மின்மாற்றியின் காப்புக்குழல் ஒன்றில் ஈரம் மிகுந்திருப்பதை 2018இலேயே எண்ணெய்ச் சோதனை காட்டியிருந்தும் உரிய நடவடிக்கை எடுக்கப்படவில்லை என்று விசாரணை அறிக்கை கூறியது. விமான நிலையத்திற்கு வேறு இரு வழிகளில் மின்சாரம் அன்றும் வந்துகொண்டுதான் இருந்தது. அதனை உள்வலையில் வழிமாற்றிவிடத்தான் பல மணி நேரம் தேவைப்பட்டது.