ஒரு துப்பு போதாது: பகடை விளையாட்டுக்குள் மர்மக் கதை வந்த வழி

நான் முதன்முதலாக நடத்தின மர்ம விளையாட்டு ஒரு பகடையில நிண்டு போச்சுது.

கோட்டைக் களஞ்சியக் காவலாளி கொலையாகிக் கிடக்கிறார். ஆர் செய்தது எண்டதைக் காட்டுற ஒரேயொரு கடிதம் அடுப்படிச் சுவருக்குள்ள இருக்கு. நண்பி ஒருத்தி "தேடுறன்" எண்டு சொல்லி 20 பக்கப் பகடையை உருட்டினா. விழுந்தது 3. கடிதம் கிடைக்கேல்ல. அதுக்குப் பிறகு ஒண்டரை மணித்தியாலம் நாலு பேரும் ஊரைச் சுத்திச் சுத்தி வந்தினம். கடைசியில நானே ஒரு வழிப்போக்கரைக் கூட்டிவந்து உண்மையைச் சொல்ல வைச்சன். ஒருத்தருக்கும் சந்தோசமில்லை.

பிறகு தேடி வாசித்தபோதுதான் விளங்கியது, இந்தப் பிழையை விட்டது நான் மட்டுமில்லை. இந்த விளையாட்டு வகையே பல வருடங்களாக இதே இடத்தில் முட்டிக்கொண்டு நின்றிருக்கிறது.

இதைத் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். மேசையைச் சுற்றி நாலைந்து பேர் இருப்போம். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, என்ன செய்கிறோம் என்று வாயால் சொல்வார்கள். முடிவு நிச்சயமில்லாத இடங்களில் பகடை தீர்மானிக்கும். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974இல் அமெரிக்காவில் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் ட்ராகன்ஸ்' இந்த வகையில் அச்சாகி விற்பனைக்கு வந்த முதல் விளையாட்டு. முதல் பதிப்பு 1000 பிரதிகள்தான்.

அது போர் விளையாட்டுகளின் வயிற்றில் பிறந்தது. நிலத்துக்குக் கீழே அறைகள், பொறிகள், புதையல், பூதங்கள். அங்கே ஒரு இரகசியக் கதவைத் தவறவிட்டால் பெரிய நட்டமில்லை. ஒரு புதையல் போகும், அடுத்த கதவால் போகலாம். ஆனால் கொலைக் கதையில் ஒரு துப்பைத் தவறவிட்டால் அடுத்த கதவே இல்லை. நிலவறைக்குச் செய்த விதியை அப்படியே மர்மத்துக்கும் போட்டதுதான் சிக்கலின் வேர்.

இரண்டாவது சிக்கல் மந்திரம். 1978இல் வந்த விளையாட்டாளர் கையேட்டிலேயே செத்தவரோடு கதைக்கிற மந்திரமும் இருக்கிறது, பொய்யைக் கண்டுபிடிக்கிற மந்திரமும் இருக்கிறது. பிணத்தையே எழுப்பிக் கேட்கலாம் என்றால் துப்பறிய என்ன மிச்சம்? ஆனாலும் ஆட்கள் விடவில்லை. லெனர்ட் லகோஃப்கா எழுதி 1983இல் வந்த 'த அசாசின்ஸ் நொட்', ஒரு பிரபு கொலையானதை விசாரிக்கிற கதை. நிலவறையை விட்டு ஊருக்குள் வந்து ஆட்களை விசாரிக்க வேண்டும்.

அதற்கு முன்பே, 1981இல், சாண்டி பீட்டர்சன் எழுதிய 'கோல் ஒஃப் கதுல்ஹூ' வந்துவிட்டது. அங்கே வாளை விட நூலகம் முக்கியம். நூலகத்தில் தேடுவதற்கென்றே ஒரு தனித்திறன் உண்டு. விசாரணையை விளையாட்டின் நடுவுக்குக் கொண்டுவந்தது அதுதான். ஆனால் நூலகத்தில் தேடவும் பகடைதான் உருட்ட வேண்டும். என்ர நண்பிக்கு விழுந்த 3 அங்கேயும் விழும்.

விடைகள் 2000களின் பிற்பாதியில்தான் தெளிவாக வந்தன. ரொபின் லோஸ் 'கம்ஷூ' என்ற விதிமுறையில் கேள்வியையே மாற்றினார். சரியான இடத்தில், சரியான திறனோடு தேடினால் முக்கியத் துப்பு கிடைக்கும். பகடை தேவையில்லை. துப்பு கிடைக்குமா என்பதல்ல, கிடைத்ததை வைத்து என்ன விளங்கிக்கொள்கிறோம் என்பதே விளையாட்டு. 2008இல் ஜஸ்டின் அலெக்சாண்டர் இன்னொரு விடை சொன்னார்: ஆட்கள் எந்த முடிவுக்கு வரவேண்டுமோ, அந்த ஒவ்வொரு முடிவுக்கும் குறைந்தது மூன்று துப்பு வை. ஒன்றைக் காணமாட்டார்கள், இன்னொன்றைப் பிழையாக விளங்குவார்கள், மூன்றாவது காப்பாற்றும்.

இதைப் படித்துவிட்டு அதே காவலாளிக் கதையைத் திரும்பத் திட்டமிட்டேன். கொன்றது கணக்குப்பிள்ளை. கடிதம் சுவருக்குள்ளேயே இருக்கட்டும். அதோடு, களஞ்சியக் கணக்கில் 40 மூட்டை குறையுது. கணக்குப்பிள்ளையின் செருப்பில், களஞ்சியத்தில் மட்டுமே இருக்கிற உமி ஒட்டியிருக்குது. செத்தவரோடு கதைக்கிற மந்திரத்தையும் தடை செய்யவில்லை. காவலாளிக்குத் தெரிந்ததை மட்டும்தான் அவர் சொல்லலாம். அவரைப் பின்னால் இருந்து குத்தினார்கள், முகம் தெரியாது. ஆனால் அண்டைக்குப் பின்னேரம் ஆரோடு சண்டை பிடித்தவர் என்று தெரியும். மந்திரம் கதையை முடிக்கவில்லை, இன்னொரு சாட்சியைத் தந்தது.

மூன்று துப்பு என்பது விளையாட்டை ஓடவைக்கிற உத்தி மட்டுமில்லை என்று நான் நினைக்கிறதுக்குக் காரணம், 1979இல் நடந்த ஒரு உண்மைச் சம்பவம்.

அந்த ஓகஸ்டில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் படித்த 16 வயது மாணவன் காணாமல் போனான். குடும்பம் வில்லியம் டியர் என்ற தனியார் துப்பறிவாளரை அமர்த்தியது. மாணவனின் அறையில் ஊசிகள் குத்திய ஒரு பலகை இருந்தது. அவன் 'டஞ்சன்ஸ் அண்ட் ட்ராகன்ஸ்' விளையாடுகிறவன். பல்கலைக்கழகத்துக்குக் கீழே நீராவிக் குழாய்ச் சுரங்கங்கள் இருந்தன. இவற்றைக் கோர்த்து, சுரங்கத்துக்குள் விளையாடப் போய்த் தொலைந்திருப்பான் என்ற ஊகம் உருவானது. பத்திரிகைகள் அதைத் தூக்கிப் பிடித்தன.

உண்மை வேறு. அவன் விளையாடப் போகவில்லை. படிப்பின் அழுத்தத்தாலும் மனச்சோர்வாலும் துன்பப்பட்டு, உயிரை விடுகிற எண்ணத்தோடு போனவன். அடுத்த மாதம் லூசியானாவில் உயிரோடு கிடைத்தான். ஆனால் 1980இல் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டான். டியர் உண்மையை விவரித்த புத்தகம் 1984இல்தான் வந்தது. அதற்குள் அந்த ஊகத்தைத் தழுவி 1981இல் ஒரு நாவலும் 1982இல் ஒரு தொலைக்காட்சிப் படமும் வந்துவிட்டன. விளையாட்டு பிள்ளைகளைக் கெடுக்குது என்ற பயம் பரவியது. அவனுடைய மனசுக்குள் என்ன இருந்தது என்ற கேள்வி பின்னுக்குப் போனது.

ஆகவே, நீங்கள் ஒரு மர்மக் கதையைத் திட்டமிடும்போது முதலில் குற்றவாளியை எழுதுங்கோ. பிறகு அவரிடம் கொண்டுபோகிற மூன்று வழிகளை எழுதுங்கோ, ஒன்றோடொன்று தொடர்பில்லாத மூன்று. விளையாடுகிறவர்கள் முதல் துப்போடேயே "இவர்தான்" என்று கத்தினால், நடத்துகிறவர் அமைதியாக ஒரு கேள்வி கேட்கலாம்: "வேற என்ன இருக்கு?" எங்கட மேசையில் இப்ப அதுதான் வழக்கம்.